இருப்புப்பாதைக் கடனும் எல்லைக்கோடும்: 1909ஆம் ஆண்டின் ஆங்கில–சயாமிய உடன்படிக்கை

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வல்லரசுகள் போட்டியிட்ட களங்களுள் இருப்புப்பாதையும் ஒன்றாகும். மஞ்சூரியாவில் உருசியாவும், உதுமானியப் பேரரசில் ஜெர்மனியும் தண்டவாளங்களின் வழியே தம் செல்வாக்கைப் பரப்ப முயன்றமை வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. அதே காலத்தில் மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியில் நிகழ்ந்த போட்டி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. மலேசியாவின் இன்றைய வட எல்லை போர்க்களத்தில் உருவானதன்று. இருப்புப்பாதைக் கடன் ஒன்றோடு இணைத்துப் பேசி முடிக்கப்பட்டதாகும். அப்பேச்சில் எவர் எதைக் கொடுத்து எதைப் பெற்றனர், எவருக்கு அதில் இடமில்லாது போயிற்று என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு பேரரசுகளுக்கு நடுவே சயாம்

1893ஆம் ஆண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாக்நாம் கோட்டையைக் கடந்து பாங்காக் வரை வந்தன. மேக்கோங் ஆற்றின் கிழக்குக் கரைப் பகுதிகளைச் சயாம் இழந்தது. 1896ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட அறிவிப்பு, சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியை மட்டுமே இருதரப்பும் தலையிடாத பகுதியாக ஏற்றது. தீபகற்பப் பகுதி அதனுள் அடங்கவில்லை. அவ்விடைவெளியை அடைக்கவே 1897ஆம் ஆண்டு பிரிட்டன் சயாமுடன் ஓர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டது. பாங் சபானுக்குத் தெற்கே உள்ள நிலத்தையோ உரிமையையோ பிரிட்டனின் இசைவின்றி வேறு எந்நாட்டிற்கும் வழங்குவதில்லை எனச் சயாம் அதில் உறுதியளித்தது. கிரா பூசந்தியில் பிறநாட்டார் கால்வாய் வெட்டினால் சிங்கப்பூரின் வணிகம் சரியும் என்ற அச்சமும் இதன் பின்னணியில் இருந்தது.

ஜெர்மானியப் பொறியாளர்கள்

மன்னர் சூலாலங்கோன் இருப்புப்பாதைகளை அந்நியக் குழுமங்களின் கையில் விடாது அரசுடைமையாக அமைக்க விரும்பினார். 1890ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருப்புப்பாதைத் துறைக்கு ஜெர்மானியரான கார்ல் பெத்கே தலைமை இயக்குநரானார். சயாமின் எல்லையை ஒட்டி ஜெர்மனிக்குக் குடியேற்ற நாடு ஏதும் இல்லை என்பது இத்தெரிவிற்கு முக்கியக் காரணமாகும். இரு பெரும் அண்டையரையும் சமன்செய்ய மூன்றாம் நாட்டவரைப் பணியில் அமர்த்துவது சயாமின் அரசதந்திரமாக இருந்தது.

1900ஆம் ஆண்டில் கோராட் பாதை நிறைவுற்றது. 1903ஆம் ஆண்டில் பெட்சபுரி வரை தெற்குப் பாதை திறக்கப்பட்டது. அது மேலும் தெற்கே நீளுமாயின், ஜெர்மானியர் மேற்பார்வையில் அமையும் பாதை மலாய் மாநிலங்களின் வாயிலை எட்டும். 1897ஆம் ஆண்டு உடன்பாடு இங்குப் பயன்படவில்லை. அது நிலம் கைமாறுவதைத் தடுத்ததே அன்றி, ஓர் அரசு தன் பணத்தில் தன் மண்ணில் அமைக்கும் பாதைக்கு எவரைப் பொறியாளராக நியமிக்கலாம் என்பதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. இரகசிய உடன்பாடாதலின் அதனை வெளிப்படையாகச் சுட்டவும் இயலவில்லை. எனவே, தடைவிதிப்பதைக் காட்டிலும் தானே பணம் கொடுப்பது பிரிட்டனுக்கு உகந்த வழியாயிற்று.

உடன்படிக்கையின் உள்ளடக்கம்

சயாம் அரசின் பொது ஆலோசகராக இருந்த அமெரிக்கர் எட்வர்டு ஸ்ட்ரோபல் இதற்கான பேச்சைத் தொடங்கி வைத்தார். 1908ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் ஜென்ஸ் வெஸ்டங்கார்டு அப்பணியைத் தொடர்ந்தார். 1909 மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் இளவரசர் தேவவோங்சேயும் பிரிட்டிஷ் தூதர் ரால்ஃப் பேஜட்டும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர்.

கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் மீதிருந்த உரிமைகளைச் சயாம் பிரிட்டனுக்கு மாற்றிக் கொடுத்தது. இவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர். பட்டாணியும், கெடாவோடு இணைந்திருந்த செத்துலும் சயாமிடமே நின்றன. இவற்றிற்கு ஈடாக, சயாமில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமக்கள் மீதான தூதரக நீதி அதிகாரத்தைப் படிப்படியாக விட்டுக்கொடுக்கப் பிரிட்டன் இசைந்தது. 1897ஆம் ஆண்டின் இரகசிய உடன்பாடும் நீக்கப்பட்டது. தெற்கு இருப்புப்பாதைக்காக 4 விழுக்காட்டு வட்டியில் 40 இலட்சம் பவுண்டு கடனும் வழங்கப்பட்டது. தெற்குப் பாதை தனித் துறையாகப் பிரிக்கப்பட்டு, பிரிட்டிஷ் பொறியாளர் ஹென்றி கிட்டின்ஸ் பொறுப்பில் விடப்பட்டது. வடக்குப் பாதை ஜெர்மானியரிடமே இருந்தது.

இக்கடன் பிரிட்டனின் கருவூலத்திலிருந்து வரவில்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவை அடங்கிய கூட்டரசு மலாய் மாநிலங்களின் சேமிப்பிலிருந்து வந்தது. ஈய ஏற்றுமதி வரி அம்மாநிலங்களின் முதன்மை வருவாயாகும். சீனத் தொழிலாளர் தோண்டிய ஈயமும், தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்து அமைத்த பாதைகளில் அது துறைமுகம் சென்றடைந்தமையும் அச்சேமிப்பின் அடிப்படைகளாகும். பேரரசின் எல்லையை விரிக்கும் செலவைக் குடியேற்ற நாட்டின் உழைப்பே ஏற்றது.

கலந்துகொள்ளப்படாதவர்கள்

நான்கு மாநிலங்களின் ஆட்சியாளர்கள் எவரிடமும் இசைவு கேட்கப்படவில்லை. பாங்காக்கிற்குத் தங்கமலரும் வெள்ளிமலரும் அனுப்பிவந்த உறவு, நிலத்தைக் கைமாற்றும் உரிமையைத் தந்ததா என்ற வினா எழுப்பப்பட்டும் பயனில்லை. திரங்கானு பிரிட்டிஷ் முகவரை மட்டுமே முதலில் ஏற்றது. ஆலோசகரை 1919ஆம் ஆண்டில்தான் ஏற்றது. புதிய கோடு மலாய் மக்களையும் இரண்டாகப் பிரித்தது.

பாதையின் பிற்கால விளைவு

1918ஆம் ஆண்டில் பாடாங் பெசாரில் இரு நாட்டுப் பாதைகளும் இணைந்தன. அதற்கு முன்னரே, 1917ஆம் ஆண்டு சயாம் போரில் நுழைந்தபோது ஜெர்மானியப் பொறியாளர்கள் பணிநீக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டனர். இரு துறைகளும் இளவரசர் புரச்சத்ராவின் கீழ் ஒன்றாயின.

அப்பாதையைத் தமிழர் மறக்கவியலாதவாறு செய்தது 1943ஆம் ஆண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, இதே தெற்குப் பாதை வழியாக பான் போங் சேர்க்கப்பட்டு, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா மரண இரயில்பாதைப் பணியில் தள்ளப்பட்டனர். அதே ஆண்டில் சப்பானியர் நான்கு மாநிலங்களையும் தாய்லாந்திடம் ஒப்படைத்தனர். 1945ஆம் ஆண்டு அவை மீண்டும் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்தன. அம்முறையும் மக்களை எவரும் கேட்கவில்லை.

முடிவுரை

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சயாமின் இழப்பு என்றோ பிரிட்டனின் வெற்றி என்றோ மட்டும் கருதுவது பொருந்தாது. தன் நீதி இறைமையை மீட்கவும் தெற்கு மாநிலங்களைத் தலைநகரோடு பிணைக்கவும் சயாம் அதனைப் பயன்படுத்திக்கொண்டது; ஜெர்மானியப் பொறியாளர்கள் தெற்கே வருவதைப் பிரிட்டன் தடுத்துக்கொண்டது. கடனைக் கொடுத்த மண்ணின் உழைப்பாளருக்கும், கைமாற்றப்பட்ட மண்ணின் மக்களுக்கும் அதில் குரல் இருக்கவில்லை. பள்ளிகளில் இவ்வுடன்படிக்கையைக் கற்பிக்கும்போது எல்லைக்கோட்டோடு அக்கடன் கணக்கையும் சேர்த்துக் காட்டினால், மாணவர்கள் வரலாற்றை இன்னும் தெளிவாக உணர்வர்.