சார்லி பாட்டனின் குரலும் கொஞ்சம் அரக்கும்

போன மாதம் சார்லி பாட்டனின் பழைய பாடல்கள் அடங்கிய ஒரு எல்.பி. ரீஇஷ்யூ கைக்கு வந்தது. 180 கிராம் கனம், பளபளன்னு புது வினைல். ஊசியை இறக்கினதும் பக்கத்து அறையிலிருந்து அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, வெளியே மழை பெய்யுதா?"

மழை இல்லை. பாட்டு அப்படித்தான் இருந்தது. சரி, பழைய பதிவு, 1929-ல் பாடியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே அலமாரியில் இருக்கும் ராபர்ட் ஜான்சன் எல்.பி. 1936, 37-ல் பதிவானது. ஏழெட்டு வருடம்தான் வித்தியாசம். அதில் குரல் எதிரே உட்கார்ந்து பாடுகிற மாதிரி கேட்கிறது. ஏன்? இதைத் துரத்திக்கொண்டு போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். டெல்டா என்றதும் கழிமுகம் ஞாபகம் வரும். மிசிசிப்பி டெல்டா அதுவல்ல. மிசிசிப்பி, யாஸூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் வண்டல் சமவெளி. பருத்தி பூமி. அங்கே குத்தகைக்கு உழைத்த கறுப்பின மக்களின் இசைதான் டெல்டா ப்ளூஸ்.

பாட்டனின் பாடல்களில் பெரும்பாலானவற்றை வெளியிட்டது பாரமவுண்ட். சினிமா கம்பெனி இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டிகளும் செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் தட்டு வேண்டுமே, அப்படி ஆரம்பித்த தொழில். மலிவான கலவையில் அச்சடித்தார்கள்; புதுசாக வாங்கினாலே இரைச்சல் இருக்கும் என்று பெயர்.

அன்றைக்கு மெழுகுத் தட்டில் பாட்டைப் பதிந்து, அதன்மேல் உலோக முலாம் ஏற்றி, ஒரு உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சு கையில் இருந்தால் எத்தனை வருடம் கழித்தும் புதுத் தட்டு அடிக்கலாம். நம்ம தொழில் பாஷையில் சொன்னால் அச்சு என்பது சோர்ஸ் கோட், கடையில் விற்ற 78 ஆர்.பி.எம். தட்டு வெறும் பைனரி.

பாரமவுண்ட் 1932-ல் பதிவை நிறுத்தியது. அச்சுகளில் பெரும்பாலானவை பழைய இரும்புக் கணக்கில் போய்விட்டன. ஊழியர்கள் தட்டுகளை மில்வாக்கி ஆற்றில் வீசி எறிந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. முக்குளித்துத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. ஆக, சோர்ஸ் கோட் காலி. இன்றைக்கு நாம் வாங்கும் பாரமவுண்ட் ரீஇஷ்யூ பெரும்பாலும் யாரோ ஒரு குடும்பம் காசு கொடுத்து வாங்கி, கனமான கிராமபோன் முனையில் இரும்பு ஊசி போட்டுத் தேயத் தேயக் கேட்ட தட்டிலிருந்து எடுத்ததுதான். 1950, 60-களில் சேகரிப்பாளர்கள் தெற்கத்தி ஊர்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டி வாங்கியவை நிறைய.

ஜான்சன் கதை வேறு. அவரைப் பதிவு செய்தது ஏ.ஆர்.சி. என்ற கம்பெனி. 1938 கடைசியில் அதை சி.பி.எஸ். வாங்கியது. அச்சுகளும் டெஸ்ட் தட்டுகளும் கொலம்பியாவின் கிடங்குக்குப் போயின. 1961-ல் கொலம்பியா 16 பாடல்களை எல்.பி.யாக வெளியிட்டு, டெல்டா ப்ளூஸ் பாடகர்களின் ராஜா என்று தலைப்பு வைத்தது. இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது அந்தத் தட்டு. கிட்டத்தட்ட அதே சமயத்தில் இரண்டு சேகரிப்பாளர்கள் நடத்திய ஆரிஜின் ஜாஸ் லைப்ரரி பாட்டனின் எல்.பி.யைக் கொண்டுவந்தது. தேய்ந்த தட்டிலிருந்து எடுத்தது, சிறு எண்ணிக்கை. எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஜான்சன் மேதைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பையனாக இருந்தபோதே பாட்டன் அந்த வட்டாரத்தின் நட்சத்திரம். ராஜா பட்டத்தில் திறமைக்கு ஒரு பங்கு என்றால், அச்சு பத்திரமாக இருந்த கிடங்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது. 78 தட்டின் முக்கியச் சரக்கு அரக்கு. உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பகுதி இந்தியாவுடையது. சோட்டா நாக்பூர் காடுகளில் பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சேகரித்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து சுருங்கியதும், அமெரிக்காவில் 1942-ல் பழைய தட்டுகளை வாங்கி உருக்க ஆரம்பித்தார்கள். அதில் எத்தனை பாட்டன் போனதோ!

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. வினைலின் கனத்தைப் பார்க்காதீர்கள். எந்தத் தட்டிலிருந்து, யார் எடுத்தார்கள் என்று பின்னட்டையில் இருக்கிறதா பாருங்கள். 78 தட்டின் பள்ளம் எல்.பி.யைவிட ரொம்ப அகலம். விவரம் தெரிந்தவர்கள் பல அளவு ஊசிகளை மாற்றிப் போட்டு, பள்ளத்தின் சுவரில் தேயாத இடத்தைத் தேடிப்பிடிப்பார்கள். இரைச்சலை சாஃப்ட்வேரில் மொத்தமாக வழித்தெடுத்த ஒரு ரீஇஷ்யூவும் என்னிடம் இருக்கிறது. மழை நின்றுவிட்டது, கூடவே பாட்டன் தொண்டையின் கரகரப்பும் போய்விட்டது. அதை நான் எடுப்பதே இல்லை.

பாட்டனோடு வாசித்த வில்லி பிரவுன் பாரமவுண்டுக்குப் பாடிய ஒரு தட்டு இன்றுவரை ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. நண்பர் சன் ஹவுஸின் ஒரு தட்டும் அப்படித்தான் இருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, ஒரே ஒரு பிரதி வெளியே வந்தது. பிரவுனின் தட்டும் ஏதாவது ஒரு பரணில் கிடக்கலாம். எத்தனை தேய்ந்திருந்தாலும் சரி, கிடைத்தால் போதும்.