லைம் நோய் நீள்சிகிச்சையில் மருத்துவரை மாற்றுதல்

கருங்கால் உண்ணி கடிப்பதால் பரவும் பாக்டீரியா நோய் லைம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியதை 1975இல் சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோனவர்களில் பாலி மர்ரே என்ற தாயும் ஒருவர். பல ஆண்டுகள் மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைந்தும் அவருக்கே இருந்த நோய்க்குப் பெயர் கிடைக்கவில்லை; மனக்கோளாறு என்றுகூடச் சந்தேகித்தார்கள். ஆகவே இந்நோயாளிகள் மருத்துவரை மாற்றுவதை அலைபாயும் குணம் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

தோலில் படரும் செந்தடிப்போடு தொடக்கத்திலேயே வருபவர்களுக்குப் பத்து நாள் டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் போதும். மூட்டைத் தாக்கியிருந்தால் 28 நாள். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் களைப்பு, உடல்வலி, மறதி ஆகியவை மாதக்கணக்கில் தொடர்கின்றன. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் இவர்களுக்கு மேலும் ஆன்டிபயாடிக் தருவதை ஏற்பதில்லை. நோயாளியின் நிலையைப் பார்த்துச் சிகிச்சையை நீட்டலாம் என்பது 1999இல் உருவான பன்னாட்டு லைம் சங்கத்தின் வாதம். தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள்மீது கனெக்டிகட் அரசின் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் புளூமென்டால் விசாரணையே நடத்தினார். 2008இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அமைந்த மறுஆய்வுக் குழு, 2010இல் அவற்றைச் சரியென்றே சொன்னது. இங்கே மருத்துவரை மாற்றுவது பல நேரம் முகாம் மாறுவதாகவும் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் (2016) நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் நீண்டநாள் ஆன்டிபயாடிக்கால் நிலையான கூடுதல் பலன் தெரியவில்லை. ஓர் அமெரிக்க ஆய்வில் களைப்பு மட்டும் சற்றுக் குறைந்தது. எனவே எத்தனை மாதம் மருந்து தருகிறார் என்பதை வைத்து மருத்துவரை எடைபோட முடியாது. எந்த அறிகுறி குறைந்தால் மருந்து பலித்ததாகக் கொள்வார், எப்போது நிறுத்துவார் என்பதை முன்கூட்டியே சொல்கிறாரா என்பதே சரியான உரைகல்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத இடத்தில் ஆபத்து தொடங்குகிறது. நரம்புவழி மருந்துக்காக மேற்கையில் செருகும் மெல்லிய குழாயின் நுனி இதயத்துக்கு அருகே போய் நிற்கும். வெளிமுனையை ஒட்டுப்பட்டையால் மூடி, உப்புநீர் செலுத்தி அடைபடாமல் காக்க வேண்டும். அந்தக் குழாய் வழியே கிருமி நேரே இரத்தத்தில் கலக்கலாம். இத்தகைய நீள்சிகிச்சையில் இரத்தத்தொற்று, எலும்புத்தொற்று, கடும் குடலழற்சி ஆகியவற்றுக்கு ஆளானவர்களையும், அவற்றால் இறந்தவர்களையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் பதிவு செய்தது. குறிக்கோளும் முடிவுத் தேதியும் இல்லாமல் குழாயை மாதக்கணக்கில் வைத்திருக்கச் சொல்பவரிடமிருந்து விலகத் தயங்க வேண்டியதில்லை.

மருந்து தொடங்கிய முதல் நாளில் காய்ச்சலும் நடுக்கமும் கூடுவது உண்டு. கிருமிகள் மடிவதால் வரும் எதிர்வினை அது. மாதக்கணக்கில் மோசமாவதற்கும் இதையே காரணமாகச் சொன்னால் வேறொருவரைக் கேட்பது நல்லது. இரத்தப் பரிசோதனையை மீண்டும் மீண்டும் எடுத்து, 'இன்னும் பாசிட்டிவ்' என்று மருந்தை நீட்டுவதும் அப்படித்தான்: குணமான பிறகும் எதிர்ப்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும்.

மருந்து தொடங்கியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், அதே உண்ணி பரப்பும் பபேசியாவைத் தேட வேண்டும். சிவப்பணுக்களுக்குள் வாழும் அந்த ஒட்டுண்ணியை டாக்ஸிசைக்ளின் ஒழிக்காது. அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்ந்து தேவை. இதைப் பரிசோதிக்க மறுப்பவரிடம் காத்திருப்பது வீண். முழங்கால் வீக்கம் மாத்திரைக்கும் பிறகு நரம்புவழி மருந்துக்கும் வடியாவிட்டால், மூட்டுவாத நிபுணரிடம் போவதே முறை. அந்த மாற்றம் சிகிச்சையின் அடுத்த படிதான்.

நோயைக் கணிப்பதில் இரு திசையிலும் தவறு நடக்கிறது. தொட்டுப் பார்க்காமலே 'எல்லாம் மனப்பிரமை' என்பவரும், எல்லாவற்றையும் லைம் என்பவரும் வேறு நோயைத் தவறவிடுகிறார்கள். நாட்பட்ட லைம் என்று சிகிச்சை பெற்றவர்களுக்குப் புற்றுநோய் தாமதமாகத் தெரியவந்ததை 2015இல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது.

மாத்திரை முடிந்த சில வாரங்களில் களைப்பு மீதமிருப்பது மட்டும் மாற்றத்துக்குப் போதிய காரணமாகாது. தேறுவதற்கு மாதங்கள் ஆகலாம். மாற்றுவதென்று முடிவானால், புதியவரைப் பார்க்கும் தேதி உறுதியாகும்வரை பழையவரை விடாமலிருப்பது நல்லது. அமெரிக்கச் சட்டப்படி நோயாளி கேட்டால் பொதுவாக 30 நாளுக்குள் ஆவண நகல் தர வேண்டும். 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல் போதாது; வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனையில் எந்தெந்தப் பட்டைகள் தெரிந்தன என்ற முழு அறிக்கையும், தந்த மருந்துகளின் அளவும் தேதியும் வேண்டும். லைமுக்கென்றே நடக்கும் கிளினிக்குகள் பல காப்பீட்டை ஏற்பதில்லை என்பதால் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். புதியவரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு பழைய மருத்துவரிடமே திரும்புவதற்கும் தடையில்லை.