பட்டி: மாடு அடைத்த இடம் ஊரான கதை

தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்தில் போகிறவர் ஊர்ப்பெயர்களைக் கவனித்தால், கம்பம் பள்ளத்தாக்கில் யார் முன்னே குடியேறினார், யார் பின்னே வந்தார் என்பது ஓரளவு பிடிபடும். சின்னமனூரின் பழம்பெயர் அரிகேசரிநல்லூர். பாண்டியன் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர். பாண்டியர் செப்பேடுகள் கிடைத்ததும் அங்கேதான். காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி போன்ற பெயர்களில் அரசன் இல்லை. ஓர் ஆளின் பெயரும் ஒரு பட்டியும் மட்டுமே.

பட்டி என்றால் முதலில் ஊரன்று. ஆடுமாடுகளை இரவில் அடைக்க முள்வெட்டிப் போட்ட அடைப்பு. கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாகத் திரியும். பால் ஹாலு, புலி ஹுலி என்றாவதுபோல பட்டி ஹட்டியாகும். நீலகிரிப் படுகர் தம் ஊரை இன்றும் ஹட்டி என்கிறார்கள். கர்நாடகத்தில் ஆயர் குடியிருப்புக்குக் கொல்லரஹட்டி என்று பெயர்.

16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி அமைந்த காலத்தையொட்டித் தெலுங்கும் கன்னடமும் பேசிய குடும்பங்கள் மந்தையோடு தெற்கே இறங்கின. கம்பத்துக் காப்பிலியர் கன்னடம் பேசுவோர். இங்கே வந்தபோது அவர்களுக்குப் பட்டி என்ற சொல் புதிதாக இருந்திருக்காது. அவர்கள் ஹட்டியும் இங்குள்ளோர் பட்டியும் ஒரே வேர்.

ஆற்றோர நஞ்சை முன்பே நல்லூர்க்காரர் கையில் இருந்தது. பின்வந்தவருக்கு எஞ்சியது மலையடிவார மேட்டுப் புஞ்சையாக இருந்திருக்கும். அங்கே மாடு மேயும். இரவில் பட்டியில் கிடக்கும். சாணமும் கோமியமும் ஊறிய மண்ணில் சோளமோ கம்போ விதைக்கலாம். மாடு கிடந்த இடத்தில் வெள்ளாமை, வெள்ளாமைக்குக் காவலாகக் குடிசை, குடிசைகள் சேர்ந்து ஊர். கம்பத்தில் தெய்வத்துக்கு விட்ட மந்தையை அடைக்கும் தம்பிரான் மாட்டுத் தொழு இன்றும் இருக்கிறது. அந்த மந்தைக்கு அரசனாகக் கருதப்படும் பட்டத்துக் காளை இறந்தால் மந்தையின் முன் கரும்பு வைத்து, முதலில் வந்து தின்னும் காளையை அடுத்ததாகத் தேர்வார்கள் என்று 1906ஆம் ஆண்டின் மதுரை மாவட்ட கெசட்டியர் குறிக்கிறது.

பட்டி என முடியும் ஊரெல்லாம் மாட்டடைப்புதான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கல்வெட்டுகளில் பட்டி மானிய நிலத்தையும் குறிக்கும். ஏரியைப் பேண விட்டது ஏரிப்பட்டி. போரில் மாண்டவன் குடும்பத்துக்கு விட்டது உதிரப்பட்டி. ஊருக்கு ஊர் தனித்தனியே விசாரித்தே சொல்ல வேண்டும்.

1895இல் பெரியாறு அணை கட்டி முடிந்தபின் பள்ளத்தாக்கில் நெல் வயல்கள் பெருகின. பட்டி என்ற அடைப்பு அருகிப்போக, பெயர் மட்டும் ஊர்களின் வாலில் தங்கியது. இன்று ஒருவரை மட்டம் தட்ட நினைப்பவர் ‘பட்டிக்காடு’ என்கிறார். தென்மாவட்டங்களிலும் கொங்கிலும் காடு என்றால் புஞ்சை வயலும்தான். மந்தை கிடந்த பட்டியும் அதன் உரத்தில் விளைந்த காடும் சேர்ந்த சொல் எப்படி வசையாகும்? அது குடியேறிய குடும்பங்கள் முதல் தலைமுறையில் செய்து முடித்த வேலையின் பெயர்.