வேல்யூஸ் ஏன் இப்போது லிஸ்ட் தருவதில்லை? - ஒரு குட்டி வரலாறு

இந்த முறை பைத்தான் மொழியைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை. கணினி மொழிக்கு என்ன வரலாறு என்று கேட்காதீர்கள். 600 ரூபாய் கணக்கு இடித்ததால்தான் எனக்கே இது தெரிய வந்தது.

எங்கள் வகுப்புச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 300 ரூபாய் வசூல். சிலர் தவணையில் கொடுத்தார்கள். கணக்கு என் பொறுப்பு. பெயர் சாவி, கொடுத்த பணம் மதிப்பு என்று வைத்து 'வசூல்' என்ற டிக்‌ஷனரியை எழுதினேன். சீனியர் அண்ணன் கொடுத்த பழைய புத்தகத்தில் இருந்தபடியே 'வசூல்.வேல்யூஸ்()' என்று மதிப்புகளை எடுத்து, சார்ட் செய்யச் சொன்னேன். பிழை வந்தது. "அதை லிஸ்ட்() உள்ளே போடுடா" என்றான் நண்பன். போட்டேன், ஓடியது. ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

புத்தகத்தில் தவறில்லை. அது பைத்தான் 2 காலத்துப் புத்தகம். கீடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமில் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கி 1991-ல் வெளியிட்ட மொழி பைத்தான். பைத்தான் 2 வரைக்கும் வேல்யூஸ் என்று கேட்டால் நேராக ஒரு லிஸ்ட்டே கைக்கு வரும். சின்ன டிக்‌ஷனரிக்கு இது வசதி. ஆனால் 10 லட்சம் பதிவுகள் இருந்தால்? ஒரு தடவை கூட்டிப் பார்ப்பதற்காக 10 லட்சம் இடம் கொண்ட புது லிஸ்ட் உருவாகும். 64 பிட் கணினியில் ஓர் இடத்துக்கு 8 பைட். ஆக, சுமார் 80 லட்சம் பைட் நினைவகம் வீண்.

இதற்கு முதல் மருந்து 2001 டிசம்பரில் வந்த பைத்தான் 2.2. அதில் 'இட்டர்வேல்யூஸ்' சேர்ந்தது. இது மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும், நகல் எடுக்காது. ஆனால் ஒரு முறை கடைசி வரை ஓடிவிட்டால் தீர்ந்துபோகும்.

பைத்தான் 3-ஐத் திட்டமிட்டபோது வேல்யூஸையே அப்படி மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு 2006 டிசம்பரில் கீடோ எழுதிய 3106-ம் எண் முன்மொழிவு வேறு வழி காட்டியது. ஜாவா மொழியின் கலெக்‌ஷன்ஸ் தொகுப்பைப் பார்த்து எடுத்த யோசனை அது. அதன்படி, 2008 டிசம்பர் 3-ல் வெளிவந்த பைத்தான் 3.0-ல் வேல்யூஸ் தருவது 'வியூ'. வியூ என்பது ஜன்னல் மாதிரி. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். உள்ளே டிக்‌ஷனரி மாறினால் ஜன்னலிலும் மாறித் தெரியும். ஆனால் அதற்கு சார்ட் கிடையாது, 0-வது உறுப்பு எது என்றும் கேட்க முடியாது.

இதனால் பழைய நிரல்கள் பல உடைந்தன. அவற்றை மாற்ற வந்த '2டு3' என்ற கருவி, வேல்யூஸைக் கண்டால் பெரும்பாலும் அதைச் சுற்றி ஒரு லிஸ்ட்() போட்டுவிடும். என் நண்பன் சொன்ன அதே வைத்தியம்!

இன்னொரு குறை, வரிசை. பழைய டிக்‌ஷனரியில் மதிப்புகள் எந்த வரிசையில் வரும் என்று நம்ப முடியாது. ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-ல் சொன்ன சிக்கனமான அமைப்பு 2016-ல் பைத்தான் 3.6-க்குள் வந்தது. நினைவகத்தைக் குறைக்கச் செய்த வேலையில், சேர்த்த வரிசையும் தானாகவே நிலைத்தது. 2018-ல் வந்த 3.7 முதல் அது மொழியின் உறுதிமொழி. இன்று லிஸ்ட்டாக மாற்றினால் சேர்த்த வரிசையிலேயே மதிப்புகள் வரும்.

சரி, என் 600 ரூபாய்? லிஸ்ட்டை நிரலின் மேலேயே எடுத்துவிட்டேன். அதன்பின் கடைசியாகப் பணம் கொடுத்த இருவரை டிக்‌ஷனரியில் சேர்த்தேன். கூட்டியதோ பழைய லிஸ்ட்டை. "எங்க காசு எங்கடா?" என்று இருவரும் எல்லோர் முன்னாலும் கேட்டபோது எனக்கு வாயடைத்துவிட்டது. லிஸ்ட்() என்பது அந்த நிமிடத்தில் எடுத்த போட்டோ. பிறகு வந்தவர்கள் அதில் இருக்கமாட்டார்கள்.

கூட்ட, எண்ண, பெரியதைக் கண்டுபிடிக்க லிஸ்ட்டே வேண்டாம். சம், லென், மேக்ஸ் மூன்றும் வியூவிலேயே வேலை செய்யும். வரிசைப்படுத்த 'சார்ட்டட்' போதும், அதுவே புது லிஸ்ட் தரும். சுழலுக்குள் டிக்‌ஷனரியில் சேர்க்கவோ நீக்கவோ வேண்டும், 0-வது உறுப்பு வேண்டும், அன்றைய நிலை அப்படியே வேண்டும் என்றால் மட்டும் லிஸ்ட்() போடுங்கள்.

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது. பழைய புத்தகங்கள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. என்னிடம் உள்ள புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'இது போட்டோ காலம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து வாங்கும் ஜூனியருக்கு உதவும்.