நாள்பட்ட நோயுள்ள குழந்தையை எங்கே கொண்டு போவது? பெரம்பலூர், அரியலூர்: ஒரு சின்ன வரலாறு

1/ குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, தலசீமியா, டைப் 1 சர்க்கரை, ஹீமோபிலியா, வலிப்பு. இப்படி ஏதாவது தெரிந்ததும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெற்றோர் கேட்பது, "எங்கே போகணும் டாக்டர்? யாரைப் பார்க்கணும்?" இந்தக் கேள்விக்கான பதில் 30 வருஷத்தில் ரொம்ப மாறியிருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1995 வரை இரண்டுமே திருச்சி மாவட்டத்து ஊர்கள். அந்த வருஷம் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்தது, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் திரும்பவும் தனியானது.

3/ இதுக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை, கலெக்டர் ஆபீஸ், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எல்லாம் மாவட்டக் கணக்கில்தான் வருது. மாவட்டம் மாறினால் குடும்பம் ஏற வேண்டிய படியும் மாறும்.

4/ பெரிய சிகிச்சைன்னா பெரம்பலூர்க்காரர்கள் திருச்சிக்குப் போவார்கள். ஜெயங்கொண்டம் பக்கம் கொள்ளிடம் தாண்டி தஞ்சாவூர். தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959-லேயே வந்துவிட்டது, திருச்சிக்கு 1997-ல்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஒரு ஓ.பி. சீட்டுக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி.

5/ 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கென இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டமும் அதே வருஷம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்றானது.

6/ 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்தான் திசையையே மாற்றியது. அதுவரை குடும்பம் டாக்டரைத் தேடி அலைந்தது. இப்போ மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வருது. 18 வயது வரை. பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்த்து, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

7/ 2016 சட்டத்தில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் சோகை மூன்றும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்ந்தன. 2022 ஜனவரி 12-ல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. பெரம்பலூரில் தனியார் கல்லூரி இருக்கு, அரசுக் கல்லூரி இல்லை.

8/ இவ்வளவு வந்தும் ஏன் குழந்தைகள் பாதியில் சிகிச்சையை விடுறாங்க? 1922-ல் டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுக்கு முன்னாடி டைப் 1 வந்தால் சாவு சீக்கிரம். அவன் இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான், காரணம் இன்சுலின் தினமும் கிடைத்தது. ஒரு தடவை போட்ட ஊசி அவனைக் காப்பாற்றியிருக்காது.

9/ நம்ம காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்குத்தான். மாசாமாசம் ஓ.பி., பஸ், போன கூலி எல்லாம் குடும்பத்தின் தலையில். வரலாறு நிரப்பாமல் விட்ட இடம் இதுதான். சங்கிலி அறுபடுவதும் இங்கேதான்.

10/ அதனால இதையெல்லாம் செய்யுங்க:
• ஒரே ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட், மருந்துச் சீட்டு தேதி வரிசையில். எந்த ஊர் போனாலும் கையோடு.
• குழந்தை பெயர் ரேஷன் கார்டில் இருக்கட்டும். வருமானம் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்குள் இருந்தால், வி.ஏ.ஓ. சான்றோடு கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு அட்டைக்குப் பதியுங்க. நோய் முற்றும் வரை காத்திருக்க வேண்டாம்.
• பெரிய ஆஸ்பத்திரியில் கிளம்பும்போதே, "மாத மருந்தை எங்க ஊர் அரசு மருத்துவமனையில் வாங்க எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. கிடைக்கும் மருந்துக்கு வீண் பயணம் மிச்சம்.
• தலசீமியா, ஹீமோபிலியா இருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்க.
• குழந்தை வளர்ந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வயசு வரும். யாரிடம் போகணும்னு ஒரு வருஷம் முன்னாடியே கேட்டு வைங்க.
• வழி தெரியலைன்னா 104-க்குக் கூப்பிடுங்க.

11/ உங்க தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், பத்தாவது பதிவை மட்டுமாவது அந்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. முடிஞ்சா ஒரு தடவை கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கூடப் போயிட்டு வாங்க.