பேர் பெரிசா, விலை சிறிசா? ஒரு திருப்பூர் வண்டிக் கதை

போன மாசம் கிளாஸ்ல ஒரு சண்டை. ஊட்டி டூர் போயிட்டு வந்த நண்பன் ஒருத்தன் நாலு சக்கர குவாட் பைக் ஓட்டினானாம். "அதே மாதிரி சைனா வண்டி பாதி விலைக்குக் கிடைக்குது, எதுக்குடா கம்பெனி வண்டி?" என்று ஆரம்பித்தான். மேக்கேசன்னா கம்பெனி வண்டிதான் என்று இன்னொருத்தன். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் இதே கேள்வி ரெண்டு மாசமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் கொஞ்சம் கண்ணீரோடு.

என் தாய்மாமா எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணுகிறார். வெட்டிய பீஸை ஒரு இடத்தில் வாங்கி, தைத்து, செக்கிங்குக்கு இன்னொரு இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதற்காக அவர் மலிவாக ஒரு எலக்ட்ரிக் வண்டி வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம், அப்படி ஒரு பெயரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேள்விப்பட்டதில்லை. முதல் மழையிலேயே கன்ட்ரோலர் போய்விட்டது. வாங்கின கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. "மாப்ள, நீதான் பி.காம் படிக்கறியே, அடுத்த வண்டி எது வாங்கறதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். கணக்கு போட உட்கார்ந்தேன், அது வரலாறாகப் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நம்பகமான வண்டி என்றால் என்ன? கெட்டே போகாத வண்டி உலகத்தில் கிடையாது. கெட்டுப்போனால் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் விஷயம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பழைய கதையைப் பார்க்கலாம்.

1970களில் இந்தியாவில் வண்டி வாங்குவது என்றால் வரிசையில் நிற்பது. எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதற்கே அரசு லைசென்ஸ் வேண்டும். பஜாஜ் சேட்டக் 1972ல் வந்தது, புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சிறிய வண்டிகளில் புனேயிலிருந்து கைனடிக் கம்பெனியின் லூனா (இதுவும் 1972), திருப்பதியிலிருந்து பிரெஞ்சு மோட்டோபெக்கேன் உரிமத்தில் செய்த சுவேகா. பெடல் வைத்த, 50 சிசி வண்டிகள். திருப்பூரில் அப்போது பெரும்பாலான சரக்கு சைக்கிள் கேரியரிலும் மாட்டு வண்டியிலும்தான் போனது.

பெரிய பேர் இருந்தால் போதுமா என்பதற்கு ராஜ்தூத் ஒரு நல்ல பாடம். எஸ்கார்ட்ஸ் கம்பெனி ஒரே பெயரில் ரெண்டு வண்டி செய்தது. ஒன்று ராஜ்தூத் 175. போலந்து நாட்டு வடிவமைப்பு. அழகும் கிடையாது, வேகமும் கிடையாது. ஆனால் கிராமத்து மெக்கானிக் ஸ்பேனரும் சுத்தியலும் வைத்துக்கொண்டே சரி பண்ணிவிடுவார். இன்னொன்று 1983ல் யமஹாவோடு சேர்ந்து கொண்டுவந்த ராஜ்தூத் 350. ஜப்பான் பேர், ரெண்டு சிலிண்டர், பறக்கும். இன்றைக்கு அதை வைத்திருப்பவர்கள் சாமி மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் விற்பனையில் தோற்றது. விலை அதிகம், பெட்ரோலைக் குடித்தது, உதிரி பாகம் எளிதில் கிடைக்கவில்லை, அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆளும் குறைவு. அந்த தசாப்தம் முடியும்போது தயாரிப்பும் முடிந்துபோனது. இங்கே பேரில் பெரிய வண்டி தோற்றது, நாட்டு வண்டி நின்றது.

அப்படியானால் மலிவுதான் ஜெயிக்குமா? அதுவும் இல்லை. இங்கேதான் நம்ம ஊர் கதை வருகிறது.

1978ல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வந்து திருப்பூரில் பனியன் வாங்கிப்போனதுதான் ஏற்றுமதியின் தொடக்கம் என்று சொல்வார்கள். அதற்கடுத்த ரெண்டாவது வருடம், 1980ல், ஓசூரில் டிவிஎஸ் 50 வெளியே வந்தது. இந்தியாவின் முதல் ரெண்டு பேர் போகும் மொபெட். மதுரையில் பஸ் ஓட்ட ஆரம்பித்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் குடும்பத்தின் நிறுவனம். இந்த ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பேக்டிங் ஒரு இடம், கட்டிங், பவர் டேபிள், பிரிண்டிங், செக்கிங், அயர்னிங் என்று ஊரையே சுற்றி வரும். ஒவ்வொரு தடவையும் போவது லாரி லோடு இல்லை, ஒரு மூட்டை ரெண்டு மூட்டை. காதர்பேட்டை சந்துக்குள் வேன் திரும்பாது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் தட்டையாக இடம் உள்ள, கியர் இல்லாத, ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட்டக்கூடிய வண்டி எது? மொபெட்தான். (அப்படி ஓட்டக் கூடாது, அது வேறு விஷயம்.)

அதன் டெக்னிக்கும் எளிது. ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. கியர் பாக்ஸ் இல்லை, வேகம் ஏறினால் தானே பிடிக்கும் கிளட்ச். பாகம் குறைந்தால் கெடுவதற்கும் குறைவாகத்தான் இருக்கும். கெட்டாலும் பெரும்பாலும் பிளக் அடைப்பு, சைலன்சரில் கார்பன், அறுந்த செயின். பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இது எல்லாமே தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் முடிகிற வேலை.

ஆனால் எளிமை மட்டும் காரணம் என்றால் சுவேகாவும் எளிய வண்டிதானே? 1980களில் புல்லட் செய்கிற என்ஃபீல்டே சில்வர் பிளஸ் என்று 50 சிசி வண்டி விட்டது. அதைவிடப் பெரிய பேர் மெட்ராஸில் உண்டா! இன்றைக்கு ரெண்டும் பழைய வண்டி ரசிகர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தயாரிப்பு நின்றதும் உதிரி பாகம் வருவது குறையும், உதிரி இல்லையென்றால் மெக்கானிக் அந்த வண்டியைக் கையில் எடுக்க மாட்டார். நேற்று வரை நல்ல வண்டி இன்றைக்கு நம்ப முடியாத வண்டி ஆகிவிடும். வண்டியில் ஒரு நட்டுகூட மாறியிருக்காது. மாறியது அதைச் சுற்றி இருந்த கடைகள். நான் கண்டுபிடித்த முதல் விஷயம் இதுதான். நம்பகம் பாதி வண்டிக்குள்ளே இருக்கிறது, பாதி தெருவில் இருக்கிறது.

2015ல் இன்னொரு சோதனை. புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வந்தது, 2017ல் பிஎஸ் 4 வரப்போகிறது. ரெண்டு ஸ்ட்ரோக் இனி தாங்காது என்று அந்த ஆண்டு எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக்கில் வந்தது. ஆயில் கலக்கும் தொல்லை இல்லை. ஆனால் எஞ்சின் ஆயிலைத் தனியாகப் பார்த்து மாற்ற வேண்டும். பழைய பழக்கத்தில் பெட்ரோல் மட்டும் ஊற்றி ஓட்டினால் எஞ்சின் போய்விடும். 2020ல் பிஎஸ் 6 வந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதே பேர், அதே உருவம், உள்ளே முற்றிலும் வேறு வண்டி. ஆக பேரை மட்டும் நம்பி வாங்கினாலும் புதிதாகப் படிக்க வேண்டியதைப் படித்தே ஆக வேண்டும்.

இப்போது கொஞ்சம் வெளியூர். வியட்நாமில் மோட்டார் சைக்கிளுக்குப் பொதுப்பெயரே "ஹோண்டா"தான். 2000 வாக்கில் சீனாவிலிருந்து ஹோண்டாவைப் பார்த்துச் செய்த வண்டிகள் பல மடங்கு குறைந்த விலையில் வந்து குவிந்தன. ஹோண்டாவின் விற்பனை ஆட்டம் கண்டது. ஹோண்டா என்ன செய்தது தெரியுமா? 2001ல் சீனாவில் தன்னைக் காப்பியடித்த சன்டிரோ என்ற கம்பெனியோடேயே கூட்டுச் சேர்ந்தது! மலிவாகச் செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டு 2002ல் வியட்நாமில் வேவ் ஆல்ஃபா என்ற விலை குறைந்த வண்டியை இறக்கியது. அதற்குள் சீன வண்டிகளின் தரம் ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஹோண்டா மறுபடி மேலே வந்தது.

என் நண்பன் ஓட்டின மாதிரி சின்ன மலிவு குவாட் பைக் பலவற்றில் இருக்கும் படுத்த 110 சிசி எஞ்சினும் 1958ல் பிறந்த ஹோண்டா கப் வண்டியின் வழியில் வந்ததுதான். வடிவம் ஒன்றுதான். பேரிங், இரும்பு, சோதனை இதில்தான் விலை குறைந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, ஓட்டினால்தான் தெரியும்.

எலக்ட்ரிக் வண்டியிலும் இதே கதை ஒரு முறை நடந்து முடிந்திருக்கிறது. 250 வாட்ஸ், மணிக்கு 25 கிலோமீட்டர் இதற்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம் என்பதால் 2000களின் பிற்பாதியில் நிறைய கம்பெனிகள் முளைத்தன. 2010ல் மத்திய அரசு மானியம் கொடுத்தது, 2012 மார்ச்சோடு நின்றது. விற்பனை விழுந்தது, பல கம்பெனிகள் மூடின. லெட் ஆசிட் பேட்டரி செத்த வண்டிகள் வீட்டு மூலையில் நின்றன. மாமாவுக்கு இதை வாங்கும் முன்பே சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது தெரியாது.

சரி, கணக்குக்கு வருகிறேன். மலிவு வண்டியில் மிச்சம் இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நின்றால் ஆட்டோவுக்குக் கொடுப்பது ஒரு நாளைக்கு ஐந்நூறு. நாற்பது நாள் நின்றால் மிச்சம் பூஜ்யம். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் இதோடு எனக்கு முழு மார்க் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த வாரம் சனிக்கிழமை நான் மாமா கம்பெனியில் இருந்தேன். சம்பள நாள். வண்டி நின்றதால் மூன்று நாள் மத்தியானத்துக்கு மேல்தான் பீஸ் வந்தது. பீஸ் ரேட்டில் தைக்கிற ஓவர்லாக் அக்கா கவரைப் பிரித்து எண்ணினார். மறுபடி எண்ணினார். "பீஸ் வந்தாத்தானுங்க தைக்க முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மாமா தலை நிமிரவில்லை.

மலிவு வண்டி வாங்கி மிச்சம் பிடித்தது மாமா. அது நின்றபோது நஷ்டப்பட்டது அந்த அக்கா. என் கணக்கில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. எந்த லெட்ஜரிலும் இருக்காது. பேர், விலை என்று நாம் போடும் சண்டையில் விட்டுப்போவது இதுதான் என்று தோன்றுகிறது. வண்டியை யார் வாங்குகிறார் என்று பார்க்கிறோம், நின்றுபோனால் யார் பட்டினி என்று பார்ப்பதில்லை.

மாமாவுக்கு மூன்றே கேள்வி எழுதிக் கொடுத்தேன். இதன் உதிரி நடந்து போகும் தூரத்தில் கிடைக்குமா? இதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் ரெண்டு பேராவது உண்டா? இந்த மாடல் நம்ம ஊரில் ஐந்து வருடமாவது மூட்டை தூக்கியிருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பேர் எதுவானாலும் வாங்கலாம். இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மாமா பழைய எக்ஸ்எல் 100 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டார். பிரேக் ஷூவும் செயினும் மாற்ற ஒரு மத்தியானம் ஆனது, அவ்வளவுதான். எலக்ட்ரிக் வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது, அதன் சீட்டில் செக்கிங் பீஸ் அடுக்கி வைக்கிறார்கள். போன சனிக்கிழமை அக்காவின் கவர் பழைய கனத்துக்கு வந்திருந்தது. இந்த தடவை ஒரே ஒரு முறைதான் எண்ணினார்.