கிந்தாவின் கதை – 9: மர்பியின் எலிகள்

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர், தங்கள் ஊரில் கதிரியக்கக் கழிவை உண்டாக்கிய ஆலையை எதிர்த்து ஈப்போ உயர் நீதிமன்றப் படியேறியதைப் போன வாரம் பார்த்தோம். பத்து காஜாவிலிருந்து பூசிங், பாப்பான், லாஹாட் வழியாக ஈப்போ போகிறவர்களுக்கு அந்த ஊர்களையும், ஈயம் எடுத்தபின் மிஞ்சும் அமாங் மண்ணையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த வாரம் 1992 ஜூலை 11 தீர்ப்புக்கு வர வேண்டும். அதற்குமுன் ஒரு கேள்வி. கதிர்வீச்சு என்றதும் மருத்துவர்கள் முதலில் ஏன் ரத்தத்தைப் பார்க்கிறார்கள்?

அதற்கு விடை சொன்னவர் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தின் ஜேம்ஸ் மர்பி. எலியின் புற்றுக்கட்டியை வளர்ந்த கோழிக்குள் வைத்தால் கோழி அதை அழித்துவிடும். முட்டைக்குள் இருக்கும் கருவிலோ கட்டி செழித்து வளரும். அதே கருவில் வளர்ந்த கோழியின் மண்ணீரல் துண்டு ஒன்றையும் சேர்த்து வைத்தார் மர்பி. கட்டி வளரவில்லை. காவல் காப்பது லிம்போசைட் என்ற ரத்த வெள்ளணு என்று முடிவு கட்டினார்.

1914-இல் எலிகள் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி அந்த வெள்ளணுக்களை அழித்தார். பிறகு சுண்டெலியின் கட்டியை வைத்தார். எந்த எலியும் ஏற்காத அந்நியக் கட்டி காவலாளி இல்லாத வீட்டில் திருடன் புகுந்ததுபோல் வளர்ந்தது!

அவரோடு வேலை செய்த பெய்டன் ரௌஸுக்கு 1966-இல் நோபல் பரிசு. மர்பியோ 1950-லேயே போய்விட்டார். லிம்போசைட்டின் அருமையை உலகம் ஒப்புக்கொள்ள 1960கள் ஆயின. ரௌஸ் மேதைதான், என் ஓட்டு மர்பிக்கே.

இன்னொரு கூத்தும் உண்டு. 1915-இல் சுண்டெலிகளின் கட்டியை அறுத்தெடுத்து, மிதமான எக்ஸ்ரே கொடுத்து, அவற்றின் கட்டியையே திரும்ப வைத்தபோது பலவற்றில் அது பிடிக்கவில்லை. வெள்ளணு பெருகியதுதான் காரணம் என்றார் மர்பி. ஆலைக்காரர்கள் கேட்டால் துள்ளிக் குதித்திருப்பார்கள். ஆனால் எக்ஸ்ரே சில நிமிடம். ஆலைக் கழிவில் இருந்த தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. உடலுக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும்.

எலிக்குக் கொடுத்த அளவும் ஊர்மக்கள் மேல் பட்ட அளவும் ஒன்றல்ல. மர்பியின் எலிகள் புக்கிட் மேராவுக்குச் சாட்சி ஆகா. ஆனால் கதிர்வீச்சு உடலின் காவலைக் குலைக்கும் என்பது ஆலை தொடங்கிய 1982-க்கு 68 ஆண்டு முன்பே தெரிந்த சங்கதி. கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர்கள் ஆலைக்காரர்களே, ஊர்க்காரர்கள் அல்லர்.

நீதிபதி பே சுவீ சின் என்ன சொன்னார்? அடுத்த வாரம்.